சமையலறை மரவேலையில் சிறு சந்துகள்

சமையலறையைப் புதுப்பித்து முடித்த வீட்டில் முதல் நாள் நம் கண்ணில் படுவது புதிய மரவேலையின் பொலிவு. இரண்டாம் நாள் கண்ணில் படுவன அதிலுள்ள சந்துகள். அலமாரியின் பக்கப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே, மேலே ஒட்டியும் கீழே விலகியும் போகும் ஒரு நிழல். கதவுச் சட்டத்தின் மூலையில் மயிரிழை போன்ற ஒரு பிரிவு. ஆணி அடித்த இடத்தில் ஒரு புள்ளி. கருங்கல் மேடைக்கும் அதன் கீழுள்ள பலகைக்கும் இடையே ஒரு கறுப்புக் கோடு. எல்லாம் சிறியவை. எனினும், அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தைச் செலவிட்டவரின் பார்வை அங்கேயே போய் நிற்பது இயல்புதானே? "இவற்றை அடைத்துக் கொடுங்கள்" என்று தச்சரிடம் கேட்கிறோம். அவரும் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிட்டு விடைபெறுகிறார். ஓராண்டு சென்றபின் பார்த்தால், அடைத்தவற்றுள் சில அடைத்தபடியே இருக்கின்றன. சில மீண்டும் வாய் திறந்திருக்கின்றன. வேறு சிலவோ, அடைத்த காரணத்தினாலேயே உள்ளிருந்த கேட்டை நம் கண்ணிலிருந்து மறைத்து வளர்த்திருக்கின்றன. இந்த வேறுபாடு எதனால் வருகிறது? எந்தச் சந்தை எவ்வாறு அடைப்பது? எதனை அடைக்கவே கூடாது? இவற்றை இங்கே ஆராய்வோம்.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில், ஆனேக்கல் சாலை பிரியும் இடத்தில் அமைந்த ஊர் சந்தாபுரா. வடக்கே பொம்மசந்திராத் தொழிற்பேட்டையும் அதற்கப்பால் எலெக்ட்ரானிக் சிட்டியும் உள்ளன. தெற்கே அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. வேலையை நாடி வந்து இப்பக்கத்தில் வீடு வாங்கியவர்களுள் தமிழர் பலர். முதலில் கட்டிய வீடுகளில் சமையலறை, ஒரு கல் மேடையும் இரண்டு அடுக்குகளுமாக இருந்தது. அவ்வீடுகள் இன்று ஒவ்வொன்றாக மரவேலையால் உருமாறி வருகின்றன. மேடைக்கு வேண்டிய கருங்கல்லை அறுத்து மெருகிடும் ஆலைகள் அண்டையிலுள்ள ஜிகணியில் நிறைந்திருக்கின்றன. ஒட்டுப்பலகை, மைக்காத் தகடு, கீல் ஆகியவற்றை விற்கும் கடைகள் சாலையோரத்திலேயே கிடைக்கின்றன.

நம் பாட்டிமார் சமையலறையில் மரம் மிகக் குறைவு. அஞ்சறைப் பெட்டி, மணை, மத்து, அரிவாள்மணையின் கட்டை ஆகியவற்றைத் தவிர மற்றவை மண்ணும் கல்லும் வெண்கலமுமே. பண்டங்கள் மாடத்திலும் உறியிலும் பரணிலும் இருந்தன. புகையும் நீரும் ஓயாது புழங்கும் இடத்தில் மரத்தை நிறைப்பது நமக்குப் புதிய வழக்கம். ஆகவே மரத்தின் குணத்தைக் கூடத்து நாற்காலியில் அறிந்த அளவுக்கு நாம் சமையலறையில் அறிந்திருக்கவில்லை. சிறு சந்து நம்மைக் கலங்கச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது பழக்கம். வேலை நடக்கும் வீட்டில் இன்று எல்லாருக்கும் பொதுவாக இருப்பது "கேப்" என்ற ஒரே சொல். இராஜஸ்தானத்திலிருந்து வந்த தச்சரும், கன்னடம் பேசும் மேற்பார்வையாளரும், தமிழ் பேசும் வீட்டுக்காரரும் அந்த ஒரு சொல்லாலேயே எல்லாவற்றையும் குறிக்கிறார்கள். தமிழிலோ நான்கு சொற்கள் உண்டு. இரண்டு பொருள்கள் முழுதும் கூடாத இடம் இடுக்கு. ஒன்றாயிருந்தது நாளடைவில் விலகினால் அது விரிசல். மரமே இழையின் வழியாகப் பிரிந்தால் அது பிளவு. வேண்டுமென்றே விட்டுவைத்தால் அது இடைவெளி. இந்நான்கையும் உள்ளடக்கிய பொதுச்சொல் சந்து; கன்னடத்திலும் இதே சொல் வழங்குகிறது. உடம்பின் மூட்டையும் நாம் சந்து என்கிறோம்; இடைவெளியையும் சந்து என்கிறோம். இரண்டு பொருள்கள் கூடும் இடத்தில்தான் அவை பிரியவும் கூடும் என்பதை இச்சொல் தானே சொல்லிவிடுகிறது. நம் முன்னேயுள்ள சந்து இந்நான்கில் எது என்று தெளிந்துவிட்டால் மருந்து தானே விளங்கும்.

இனி, மரம் ஏன் விலகுகிறது என்று பார்ப்போம். மரம் வெட்டுண்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உண்பதையும் உமிழ்வதையும் விடுவதில்லை. பச்சை மரத்தில் இழைக் குழல்களின் உள்ளேயும் நீர் நிற்கும். அவற்றின் சுவர்களிலும் நீர் ஊறியிருக்கும். குழல்களின் உள்ளே நிற்கும் நீர் வடிந்து போகும்போது மரத்தின் அளவு மாறுவதில்லை. ஈரம் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, சுவர்களிலிருந்தும் நீர் வெளியேறும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றன்று. நீளவாட்டில் அநேகமாக இல்லையென்றே சொல்லலாம். அகலவாட்டில் உண்டு, அதிலும் ஆண்டு வளையத்தைத் தழுவிச் செல்லும் திசையில், வளையத்தைக் குறுக்கே கடக்கும் திசையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுருக்கம் குறைந்தது என்று பெயர்பெற்ற தேக்குகூட, பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை வளையப் போக்கில் 5 முதல் 6 விழுக்காடும், குறுக்கே 2 முதல் 3 விழுக்காடும் சுருங்கும்.

இதனை வீட்டுக் கணக்காக்கிப் பார்ப்போம். ஓரடி அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரம் 4 விழுக்காடு குறைந்தால், அது அகலத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே குறையக்கூடும். பெங்களூர்ப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்ச் மாதப் பிற்பகலில் இங்கே காற்று மிகவும் உலர்ந்து போகிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதக் காலைகளிலோ ஈரம் கனத்து நிற்கிறது. ஆதலால் மழைக்காலத்தில் செய்து பொருத்திய மரச்சட்டம் மார்ச்சில் வாய் திறப்பதும், கோடையில் செய்தது மழையில் பருத்துக் கதவு இறுகுவதும் இயற்கையே. நம் நாட்டில் எந்த வேலைக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று இந்தியத் தர நிறுவனம் வகுத்த விதி ஒன்று உண்டு. 287 என்ற எண் கொண்ட அவ்விதி, காற்றின் ஈரத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்தே அளவு சொல்கிறது. கடற்கரைச் சென்னையில் பக்குவமான மரம், பெங்களூர் மேட்டுநிலத்தில் பக்குவமாகாது என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெங்களூர் பழைய இருப்பிடம். மைசூர் சமஸ்தானம் 1938இல் இங்கே வன ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை நிறுவியது. அதன் வழிவந்ததே 1988இல் மல்லேஸ்வரத்தில் அமைந்த மர விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவனம். ஒட்டுப்பலகைத் தொழிலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1962இல் இந்நகரில் தோன்றியது. ஒட்டுப்பலகையின் சூட்சுமம் எளியது. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இழைகள் குறுக்கும் நெடுக்கும் வருமாறு ஒட்டுகிறார்கள். ஒரு தகடு சுருங்க விரும்பும் திசையில் அடுத்த தகடு சுருங்க மறுப்பதால் பலகை முழுதும் நிலையாக நிற்கிறது. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பயன் ஒன்று உண்டு: இன்றைய சமையலறையில் பெட்டியும் அடுக்கும் ஒட்டுப்பலகையாயின், அங்கே காணும் சந்து பெரும்பாலும் பருவத்தால் வந்ததன்று, அறுத்த பிழையாலோ, கோணிய சுவராலோ, தளர்ந்த திருகாணியாலோ, நீராலோ வந்தது. கட்டை மரத்தாலான சட்டம், பீடிங், நிலை ஆகியவற்றில் காணும் சந்தே பருவத்தோடு அசைவது.

ஆகையால், மக்கைக் கையில் எடுக்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இச்சந்து அசைகிறதா?" என்பது. இதற்குக் கருவி வேண்டுவதில்லை. சந்தின் இரு கரையிலும் கூரிய பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வைத்து, இடையிலுள்ள தூரத்தை அளந்து, தேதியோடு அலமாரியின் உட்பக்கத்தில் எழுதிவைக்கலாம். அல்லது ஓர் அஞ்சலட்டையை மடித்து எத்தனை மடிப்பு நுழைகிறது என்று குறித்துக்கொள்ளலாம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழியட்டும். அளவு மாறாதிருந்தால் அது நின்ற சந்து. கோடையில் விரிந்து மழையில் கூடினால் அது மூச்சுவிடும் சந்து. பருவத்தைப் பொருட்படுத்தாமல் பெருகிக்கொண்டே போனால் அது நோயுற்ற சந்து. முதலாவதை இறுகிய பொருளால் அடைக்கலாம். இரண்டாவதற்கு நெகிழும் பொருள் வேண்டும், அல்லது ஒரு மூடி வேண்டும். மூன்றாவதை அடைக்கவே கூடாது, காரணத்தைத் தேட வேண்டும். இந்த ஒரு விதியை மனத்தில் இருத்தினால் மற்றவை யாவும் கைப்பழக்கமே.

நின்ற சந்தை அடைக்கும் முறையைக் காண்போம். தச்சர்கள் மக்கு என்றும் வண்ணம் பூசுவோர் பட்டி என்றும் சொல்லும் அடைப்புப் பசை பல வகைப்படும. மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்துச் செய்வது எளியது, மலிவானது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு: உலர்ந்த பசை, சாயத்தையும் பாலிஷையும் மரம் ஏற்பதுபோல் ஏற்பதில்லை. ஆகவே அடைத்த இடம் தேமல் போல் தெரியும். மெருகேற்றாத மரமாயின், அம்மரத்தின் தூளையே எடுத்து, பூசப்போகும் பாலிஷிலோ அரக்குக் கரைசலிலோ குழைத்து அடைப்பது சாயத்துக்கு ஒத்துவரும். அடைப்பு உலரும்போது தானும் சற்றுச் சுருங்கும்; எனவே பலகை மட்டத்துக்கு இம்மி மேலாகவே வைத்து, முற்றும் உலர்ந்தபின் 220 எண்ணுள்ள உப்புத்தாளால் இழையின் போக்கிலே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் சந்து மறையும்; கீறல் தோன்றும்.

மெருகும் முடிந்துபோன மரவேலையில் உப்புத்தாளுக்கு இடமில்லை. சந்தைக் காட்டிலும் பெரிய வடு உண்டாகிவிடும். அங்கே உதவுவது நிறமூட்டிய மெழுகுக் குச்சி. சந்தின் இருபுறமும் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, மெழுகை விரலின் சூட்டில் இளக்கி அழுத்தி, பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் வழித்து, நாடாவை எடுத்துவிட்டு மென்துணியால் துடைத்தால் போதும். ஆணித் துளைக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட மூலைப் பிரிவுக்கும் இதுவே சிறந்தது. பலகையில் ஒரே நிறம் இராது. இளநிறக் கோடும் கருநிறக் கோடும் கலந்திருக்கும். அவற்றுள் கருநிறத்தை ஒட்டியே மெழுகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரத்தில் இயற்கையாகவே கருங்கோடுகள் இருப்பதால் கண் அதனை மரத்தின் இழையாகவே கொள்ளும். வெளிறிய அடைப்போ எங்கிருந்தாலும் துருத்திக்கொண்டு நிற்கும்.

மெழுகைவிட உறுதியானது அரக்கு. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் உள்ள சன்னபட்டணத்துப் பொம்மைகளை அறியாதார் யார்? கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிந்துவிடுகிறது. அதே அரக்கைச் சூடேற்றிய கத்தி நுனியால் இளக்கிச் சிறு குழியில் இறக்கும் வித்தை, நாற்காலி மேசை பழுதுபார்ப்போரிடம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் மெழுகும் அரக்கும் சூட்டில் இளகுபவை என்பதை மறக்கலாகாது. அடுப்பின் பக்கப் பலகையிலும் அடுப்புக்கு நேர் மேலேயும் இவற்றைப் பயன்படுத்தாமல், இரு குழம்புகளைக் கலந்து இறுகச் செய்யும் எபாக்ஸிப் பசையில் மரத்தூள் சேர்த்து அடைப்பதே தக்கது.

மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடுக்கை எந்தப் பசையாலும் மட்டும் நிரப்புவது நன்றன்று; உலர்ந்து பிளக்கும், அல்லது பெயர்ந்து விழும். பழந்தச்சர் அங்கே சிம்பு வைப்பர். அதே மரத்தில், இழை ஒத்துவருமாறு, ஒருபுறம் மெலிந்த ஆப்புப் போலச் சீவிய மெல்லிய துண்டைப் பசையிட்டுச் செருகி, மிகுந்ததை உளியால் சீவிவிடுவர். மரத்துக்கு மரமே இட்டதால் அது காலத்துக்கும் தங்கும். தூள் அடைப்பைவிட நேரம் கூடுதலாகும். ஆயினும் தச்சர் இதற்கு உடன்பட்டால் அவருக்குரிய கூலியைத் தயங்காமல் கொடுப்பதே முறை.

அடுத்து, மூச்சுவிடும் சந்து. பருவந்தோறும் அசையும் இடத்தில் இறுகிய மக்கை வைத்தால், கோடையில் மக்கு ஒரு கரையை விட்டுப் பிரியும்; மழையில் பலகை பருக்க இடமின்றி மற்றொரு மூட்டு நெகிழும். நெகிழும் அடைப்புப் பசைகளுள் கடைகளில் கிடைப்பவை இரண்டு. ஒன்று அக்ரிலிக், இதன்மேல் வண்ணம் பூசலாம். அலமாரி சுவரைத் தொடும் உலர்ந்த இடத்துக்கு இது பொருந்தும். மற்றொன்று சிலிகான், நீருக்கு அஞ்சாது, ஆனால் இதன்மேல் வண்ணம் ஒட்டாது. கழுவு தொட்டியைச் சுற்றியும் கல் மேடை சுவரோடு கூடும் மூலையிலும் இதுவே வேண்டும். சிலிகானிலும் இருவகை உண்டு. உலரும்போது காடி நெடி வீசுவது அமிலம் விடும் வகை; அது கல்லில் கறை ஏற்றலாம், உலோகத்தை அரிக்கலாம். கல்லின் ஓரத்துக்கு நெடியில்லாத நடுநிலை வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

சுவரோரத்து இடுக்குக்கு வேறொரு சிறப்பான முறையும் உண்டு. நம் வீடுகளின் பூச்சு வேலை எவ்வளவு நேர்த்தியாயினும் சுவர் ரசமட்டத்துக்கு நேராக நிற்பது அரிது. அலமாரியோ அச்சாக நேரானது. நேர்கோடும் வளைகோடும் கூடும் இடத்தில் இடுக்கு விழாமல் என்ன செய்யும்? தேர்ந்த தச்சர், ஓர் அகலமான பட்டையைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தி, கவராயத்தின் ஒரு காலைச் சுவரின்மீதும் பென்சில் கட்டிய மறுகாலைப் பட்டையின்மீதும் வைத்து, மேலிருந்து கீழே இழுப்பார். சுவரின் வளைவு அப்படியே பட்டையில் விழும். அக்கோட்டின் வழியே சீவிப் பொருத்தினால் பட்டை சுவரோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். ஒரு கோப்பைப் பசை செய்ய முடியாததை இந்த ஒரு கோடு செய்துவிடும்.

இனி, குறையென்று நாம் மயங்கும் இடைவெளிகள் சில உண்டு. பழைய வீட்டுக் கதவுகளில் நான்கு சட்டங்களுக்கு நடுவே ஒரு பலகை இருக்கும். அதைச் சட்டத்தின் பள்ளத்தில் பசையின்றி நுழைத்து, சுற்றிலும் சிறிது இடம் விட்டிருப்பார்கள். பலகை பருக்கவும் சுருங்கவும் விட்ட இடம் அது. அதை "ஓட்டை" என்று எண்ணிப் பசையால் இறுக்கினால் பலகையே நடுவில் பிளந்துவிடும். அதுபோல, இரண்டு அலமாரிக் கதவுகளுக்கு இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருப்பது கதவுகள் உரசாமல் திறப்பதற்காகவே. அந்த இடைவெளி ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகியிருந்தால் அதற்கும் மக்குத் தேவையில்லை. இக்காலத்து உட்கீல்களில் கதவைப் பக்கவாட்டிலும் உள்வெளியாகவும் மேல்கீழாகவும் நகர்த்தச் சிறு திருகுகள் உள்ளன. ஒரு திருப்புளியும் அரைமணிப் பொறுமையும் இருந்தால் கதவுகள் வரிசையாக நின்றுவிடும். குளிர்பெட்டியைச் சுற்றியும், பதித்து வைத்த மின் அடுப்பின் பின்னும் விட்ட இடமும் இத்தகையதே. சூடு வெளியேறும் வழி அது.

எல்லாவற்றினும் முக்கியமானது சமையல் வாயுவின் வழி. மேடையின் கீழ் அலமாரியில் வாயு உருளையை வைப்போர் பலர். உருளையிலுள்ள வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது; கசிந்தால் தரையோடு தங்கும். அதனால்தான் அவ்வலமாரிக் கதவின் அடியில் துளைகளோ, சட்டங்களுக்கிடையே திறப்போ இருத்தல் வேண்டும். கரப்பான் வருகிறது, பார்வைக்கு நன்றாயில்லை என்று அவற்றை அடைப்பது, தீயை அலமாரிக்குள் பூட்டிவைப்பதற்கு ஒப்பாகும். பூச்சிக்கு அஞ்சினால் மெல்லிய கம்பிவலை பொருத்தலாம். குழாய்வழி வரும் இயற்கை வாயுவோ காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே ஏறும். குழாய் இணைப்புக்கு மாறிய வீடுகளில் மேற்புறத் திறப்பை அடைக்கலாகாது. மரவேலைக்காரரிடம் அளவு கொடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவைப்பது நலம்.

கடைசியாக, நோயுற்ற சந்து. மூன்று அடையாளங்களை நாம் அறிந்திருந்தால் போதும். முதலாவது, மேலே மாட்டிய சுவர் அலமாரியின் தலைப்பகுதி சுவரிலிருந்து விலகுவது. எவர்சில்வர்ப் பாத்திரங்களும் மளிகைப் பண்டங்களும் நிறைந்த அலமாரியின் பாரம் முழுவதையும் சில திருகாணிகளும் சுவரில் பதித்த முளைகளுமே தாங்குகின்றன. அங்கே புதிதாக ஒரு கோடு தோன்றினால் அந்த முளை பிடி தளர்கிறது என்று பொருள். அக்கோட்டை மக்கால் மூடுவது, விழப்போகும் அலமாரி தரும் எச்சரிக்கையை நாமே அழிப்பதாகும். அன்றே பாத்திரங்களை இறக்கிவிட்டுத் தச்சரை அழைக்க வேண்டும். சந்தை அடைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கழுவு தொட்டியின் கீழுள்ள அலமாரியில் பலகை விளிம்பு பருத்து, மைக்காத் தகடு விளிம்பில் எழும்புவது. குழாயோ வடிகால் மூட்டோ கசிகிறது என்பதே இதன் செய்தி. கடல்நீர்க் கலங்களுக்கென 710 என்ற எண்ணில் தர நிறுவனம் வகுத்த ஒட்டுப்பலகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாததாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்பலகையும்கூட ஆண்டுக்கணக்கில் ஓயாத கசிவில் கிடந்தால் அதன் மரம் உளுத்துப்போகும். மரநாரைப் பொடித்து அழுத்திச் செய்த பலகையாயின் கேட்கவே வேண்டியதில்லை. ஒருமுறை நீருண்டு பருத்தால் பழைய கனத்துக்கு அது மீள்வதில்லை. முதலில் கசிவை நிறுத்தி, பலகையைப் பல நாள் காயவைத்து, அறுத்த விளிம்புகளுக்கு மெருகோ பசையோ பூசி நீர் புகாமல் காத்து, அதன்பின்னரே சந்தை அடைக்க வேண்டும். ஈரத்தின்மேல் இட்ட அடைப்பு ஈரத்தை உள்ளே சிறைவைக்கும்.

மூன்றாவது, சந்திலிருந்து தூள் உதிர்வது. மாவு போன்ற மென்தூளும் ஊசித் துளைபோன்ற வட்டத் துளைகளும் தெரிந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு உள்ளே இருக்கிறது. மண் பூசிய குழல்கள் சுவரோரம் ஏறினால் அது கறையான். இவை இரண்டுக்கும் மருந்திட்டுத் தீர்க்காமல் வாயை மட்டும் அடைத்தால், பூச்சி வேறு வழியைக் கண்டுகொள்ளும். நாமோ அதைக் காணும் வழியை இழந்துவிடுவோம்.

இவ்வளவும் பொருளைப் பற்றியது. மனிதரைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். சமையலறை வேலை முடியும் தறுவாயில் வீட்டுக்காரருக்கும் தச்சருக்கும் இடையே எழும் பிணக்குகள் பெரும்பாலும் இச்சிறு சந்துகளைப் பற்றியவையே. கடைசித் தவணைப் பணம் அதில் சிக்கிக்கொள்கிறது. வடக்கே எங்கோ குடும்பத்தை விட்டுவிட்டு, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலேயே படுத்துறங்கும் தொழிலாளிக்கு அந்தத் தவணைதான் ஊருக்கு அனுப்பும் பணம். வீட்டுக்காரருக்கோ அது பல ஆண்டுச் சேமிப்பின் கடைசிப் பகுதி. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆகவே தொடக்கத்திலேயே மூன்றை எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. எந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்படும் என்பது ஒன்று. சுவரோரத்துக்குச் சீவிய பட்டை வருமா, பசை மட்டும்தானா என்பது ஒன்று. முதல் கோடை கழிந்தபின் ஒருமுறை வந்து கட்டை மரச் சந்துகளைப் பார்த்துக் கொடுப்பதும் அதற்கான கூலியும் ஒன்று. அறுப்புப் பிழையால் வந்த இடுக்கு தச்சர் பொறுப்பு. பருவத்தால் வந்த விரிசல் மரத்தின் குணம். கசிவால் வந்தது குழாயின் குற்றம். இவற்றைப் பிரித்துப் பேசினால் பாதிச் சண்டை எழாமலேயே போகும்.

முடிவாக நாம் மனத்திற் கொள்ள வேண்டியது இது. வேலை முடிந்த உடனே எல்லாச் சந்தையும் ஒரே நாளில் அடைத்துவிட விரைய வேண்டாம். ஆணித் துளையையும் மூலைப் பிரிவையும் உடனே மறைக்கலாம். கட்டை மரத்தின் விரிசலை ஒரு கோடையும் ஒரு மழையும் காணவிட்டு அடைக்கலாம். விலகும் அலமாரியையும் பருக்கும் பலகையையும் உதிரும் தூளையும் கண்ட அன்றே காரணம் தேடலாம். வாயுவின் வழியை என்றும் திறந்தே வைக்கலாம். இந்நான்கையும் பிரித்தறியும் குடும்பத்தின் சமையலறை, பார்வைக்கு அழகாக இருப்பதோடு, அதில் நாள்தோறும் நின்று உழைப்பவர்க்குப் பாதுகாப்பாகவும் இருக்கும்.